பொன்னா, செம்பா? பிரித்துப் படித்தால் தெரியும்!
ஓட்டப்பிடாரத்துக்கும் ஹாலந்துக்கும் ஒரு சொல் உறவு

ஒரே ஒரு சொல். அதில் ஒன்பது எழுத்துகள்.

அதை ஒரு விதமாகப் பிரித்துப் படித்தால், உங்களுக்குப் பத்துப் பங்கு பொன் கிடைக்கும். வேறு விதமாகப் பிரித்துப் படித்தால், ஒன்பது பங்கு செம்புதான் கிடைக்கும்!

எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் பொன் செம்பாகி விட்டது!

அது என்ன சொல்? சொல்லுகிறோம். அதற்கு முன் ஓட்டப்பிடாரம் வரை ஒரு நடை போய் வருவோம்.

தூத்துக்குடிக்கு வடமேற்கே, கரிசல் காட்டின் நடுவே இருக்கிறது ஓட்டப்பிடாரம். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற மானாவாரி பூமி. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872-ம் வருடம் செப்டம்பர் 5-ந் தேதி பிறந்த ஊர். அவருடைய நினைவு இல்லம் இன்றும் அங்கே இருக்கிறது. கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சியும் பக்கத்தில்தான்.

இந்த வட்டாரத்துப் பஸ்களின் நெற்றியைப் பாருங்கள். கோவில்பட்டி, கழுகுமலை, கயத்தாறு, விளாத்திகுளம், எட்டயபுரம், குறுக்குச்சாலை, தூத்துக்குடி. எல்லாம் நீளமான பெயர்கள்!

புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு இந்தப் பெயர்கள் மலைப்பாக இருக்கும். "ஓ... ட்... ட... ப்..." என்று ஒவ்வொரு எழுத்தாக ஏறுவதற்குள் பஸ்ஸே புறப்பட்டு விடும்!

எழுத்துத் தெரிந்தும் ஏன் இந்தத் திண்டாட்டம்?

நீண்ட சொல்லை எங்கே பிரிக்க வேண்டும் என்று தெரியாததுதான் காரணம். அது தெரிந்து விட்டால் எவ்வளவு நீளமான சொல்லும் இரண்டு மூன்று சின்னச் சொற்களாக உதிர்ந்து விடும்.

உலாந்தாக்காரர் விட்டுப்போன சொல்

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியது அல்ல. கடல் கடந்த ஒரு தேசத்துக்கும் உண்டு. அந்தத் தேசம் ஹாலந்து. அந்த மொழி டச்சு.

ஹாலந்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது.

1658-ம் வருடம் டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். இடையில் சில தடவை ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பியது. கடைசியில் 1825-ல் அடியோடு ஆங்கிலேயர் வசமாயிற்று. முத்தும் துணியும் வாங்க வந்த அவர்களை நம் முன்னோர்கள் 'உலாந்தாக்காரர்' என்று அழைத்தார்கள்.

அவர்களுடைய வியாபாரக் கம்பெனியின் சுருக்கப் பெயர் என்ன தெரியுமா? வி.ஓ.சி.! பின்னாளில் அதே தூத்துக்குடியில், 1906-ல், சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட சிதம்பரம் பிள்ளையின் ஆங்கிலச் சுருக்கப் பெயரும் வி.ஓ.சி.தான்! அந்தக் கம்பெனி மறைந்து விட்டது. தூத்துக்குடித் துறைமுகம் இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. சரித்திரத்தின் வேடிக்கை இது!

உலாந்தாக்காரர் போய் விட்டார்கள். அவர்களுடைய சில சொற்கள் நம் வாயில் தங்கி விட்டன. 'கையில் துட்டு இல்லை' என்கிறோமே, அந்தத் 'துட்டு' டச்சுக்காரரின் செப்புக் காசின் பெயர். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்று சொல்வதும் டச்சுச் சொல்தான்.

இன்னொரு சொல் உண்டு. சாப்பிடும் நேரத்தில் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். 'கக்கூஸ்'!

இது ஒரு சொல் அல்ல, இரண்டு. டச்சு மொழியில் 'கக்' என்றால் மலம். 'ஹௌஸ்' என்றால் வீடு. 'கக்-ஹௌஸ்' என்று அவர்கள் இரண்டாகப் பிரித்துச் சொன்னார்கள். முதல் பகுதியைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்கள். நம் காதில் அது ஒரே சொல்லாக விழுந்தது. 'ஹ' மறைந்தது. இரண்டு துண்டும் ஒட்டிக் கொண்டு 'கக்கூஸ்' ஆயிற்று. இப்போது யாருக்காவது இதில் ஒரு வீடு இருப்பது தெரிகிறதா?

தையல் மறைந்தால் பொருளும் மறைந்து விடும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

மண் ஆப்பிளும் கைச் செருப்பும்

டச்சுக்காரர்கள் சொற்களை ஒட்டுவதில் கெட்டிக்காரர்கள்.

உருளைக்கிழங்குக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆர்டாப்பல்'. 'ஆர்ட்' என்றால் மண். 'ஆப்பல்' என்றால் ஆப்பிள். மண்ணுக்குள் விளைகிற ஆப்பிள்! கையுறைக்குப் பெயர் 'கைச் செருப்பு'. ஆஸ்பத்திரிக்குப் பெயர் 'நோயாளிகள் வீடு'. நாம் 'மருத்துவமனை' என்கிறோமே, அதைப் போல.

இப்படி ஒட்டிய சொற்களை எங்கே வெட்டுவது? அதற்கு அவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

சாதாரணச் சொல்லை ஓசைப்படி வெட்டலாம். ஆனால் இரண்டு சொல் ஒட்டிய சொல்லை, ஒட்டிய இடத்தில்தான் வெட்ட வேண்டும். வாய் 'ஆர்-டாப்-பல்' என்று சொல்லும். எழுத்தில் வெட்டும்போது 'ஆர்ட்' என்று முடித்து விட்டுத்தான் 'ஆப்பல்' என்று தொடங்க வேண்டும். எந்தச் சொல்லை எங்கே வெட்டலாம் என்பதை அவர்களுடைய அதிகாரபூர்வமான சொற்பட்டியலில் பார்த்துக் கொள்ளலாம். அதன் முதல் பதிப்பு 1954-ல் வந்தது. அட்டையின் நிறத்தை வைத்து அதைப் 'பச்சைப் புத்தகம்' என்று அழைக்கிறார்கள்.

இவ்வளவு கவனம் ஏன்? வெட்டும் இடம் தவறினால் விபரீதம் ஆகி விடும்!

'வல்கௌல்' என்று ஒரு டச்சுச் சொல். 'வல்-கௌல்' என்று பிரித்தால், மிருகத்தைப் பிடிக்க வெட்டிய படுகுழி. 'வல்க்-ஔல்' என்று பிரித்தால், பருந்து போன்ற ஒரு வகை ஆந்தை! குழியா, ஆந்தையா? எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

'டைக்ராம்ப்' என்று இன்னொரு சொல். 'டை-க்ராம்ப்' என்றால் தொடைப் பிடிப்பு. கொஞ்சம் எண்ணெய் தேய்த்தால் சரியாகி விடும். 'டைக்-ராம்ப்' என்றால் கடற்கரை அணை உடைந்த பெருவிபத்து!

ஹாலந்துக்காரர்களுக்கு இந்த இரண்டாவது பொருள் விளையாட்டு அல்ல. அவர்களுடைய நாட்டில் ஏறக்குறைய கால் பகுதி கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த நிலம். கரை கட்டித்தான் கடலைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். 1953-ம் வருடம் ஜனவரி 31-ந் தேதி இரவு புயல் அடித்தது. மறுநாள் விடிவதற்குள் பல இடங்களில் கரைகள் உடைந்தன. அந்த நாட்டில் மட்டும் 1,836 பேர் மாண்டு போனார்கள்.

ஆகவே, குழப்பம் வரக்கூடிய சொல்லின் நடுவே ஒரு சிறு கோடு போட்டு எழுதலாம் என்று அவர்களுடைய எழுத்து விதியே அனுமதி கொடுக்கிறது.

அழுத்தம் சொல்லும் ரகசியம்

எழுத்தில் கோடு போடலாம். பேச்சில் என்ன செய்வது?

பேச்சில் டச்சுக்காரர்களுக்குத் துணை நிற்பது அழுத்தம். ஒட்டிய சொல்லில் பெரும்பாலும் முதல் சொல்லை அழுத்திச் சொல்வார்கள். இரண்டாவது சொல்லைத் தணிவாகச் சொல்வார்கள். ஓங்கி அடங்கும் அந்த ஓசையைக் கேட்டதும், 'இது ஒட்டிய சொல்' என்று கேட்பவருக்குத் தெரிந்து விடும். விதிவிலக்குகளும் உண்டு. நகராட்சி மாளிகைக்கு அவர்கள் சொல்லும் சொல்லில், 'வீடு' என்ற பிற்பகுதிக்குத்தான் அழுத்தம்.

அழுத்தம் இடம் மாறினால் பொருளே தலைகீழாகி விடும் சொற்களும் இருக்கின்றன. 'வோர்கோமன்' என்பது ஒன்று. 'வோர்' என்றால் முன். 'கோமன்' என்றால் வருதல். 'வோர்' என்பதை அழுத்தினால், 'நேருதல்' என்று பொருள். 'கோ' என்பதை அழுத்தினால், 'நேராமல் தடுத்தல்' என்று பொருள்! நோய் வருவதும் நோயைத் தடுப்பதும் ஒரே எழுத்தில்! இடையில் இருப்பது ஓர் அழுத்தம்தான்.

சரி, தமிழில் இப்படி உண்டா?

தமிழில் அழுத்தத்துக்கு இவ்வளவு அதிகாரம் கிடையாது. 'ஓட்டப்பிடாரம்' என்பதில் எந்த இடத்தை அழுத்திச் சொன்னாலும் கண்டக்டர் ஓட்டப்பிடாரத்துக்குத்தான் டிக்கெட் கொடுப்பார். அழுத்தம் நம்முடைய கோபத்தையோ அவசரத்தையோ காட்டும். சொல்லின் பொருளை மாற்றாது.

டச்சுக்காரருக்கு அழுத்தம் செய்கிற வேலையை நமக்கு யார் செய்கிறார்கள்? ஒரு சின்னப் புள்ளி எழுத்து செய்கிறது!

நடுவில் நிற்கும் புள்ளி எழுத்து

கோவில்பட்டி என்றதும் எது நினைவுக்கு வரும்? கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்!

'தீப்பெட்டி' என்ற சொல்லைப் பாருங்கள். 'தீ' ஒரு சொல். 'பெட்டி' ஒரு சொல். நடுவில் 'ப்' எங்கிருந்து வந்தது? இரண்டையும் கட்டிப் போட வந்த கயிறு அது. 'இங்கேதான் ஒட்டு இருக்கிறது' என்று அடையாளம் காட்டுகிறது. தூத்துக்குடியில் 'க்', குறுக்குச்சாலையில் 'ச்', ஓட்டப்பிடாரத்தில் 'ப்' எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

அந்த ஓர் எழுத்தை விட்டு விட்டால் என்ன ஆகும்?

'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் செய்த பலகை. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை.

'வேலை கொடு' என்றால் உத்தியோகம் கொடு. 'வேலைக் கொடு' என்றால் கையில் இருக்கும் வேலாயுதத்தைக் கொடு!

'நடுகல்' என்றால் வீரனுக்காக நட்ட கல். கரிசல் சீமைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'நடுக்கல்' என்றாலோ, நடுவில் கிடக்கும் கல்!

மணியான எழுத்து அல்லவா அது? அதனால்தான் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் 'ஒற்று விட்டுப் போயிற்று' என்று சிவப்பு மையால் சுழிக்கிறார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! இரட்டித்து வரும் எழுத்தெல்லாம் ஒட்டு அல்ல. 'பெட்டி' என்பதில் 'ட்ட' இருக்கிறது. அது ஒரே சொல். ஓட்டப்பிடாரத்தில் 'ட்ட' ஒட்டு அல்ல. 'ப்பி' தான் ஒட்டு. இரண்டு பக்கமும் சொல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுத்துக்குள் ஒளிந்த தையல்

சில பெயர்களில் தையல் வெளியே தெரியும். கழுகுமலை என்றால் கழுகு, மலை. கடலைமிட்டாய் என்றால் கடலை, மிட்டாய். இவை சுலபம்.

சிலவற்றில் ஒட்டும் இடத்தில் எழுத்து உருமாறி விடும். பாஞ்சாலன், குறிச்சி இரண்டும் சேரும்போது 'ன்' போய் 'ங்' வந்து, பாஞ்சாலங்குறிச்சி ஆகிறது. கம்பும் கூழும் சேரும்போது நடுவில் 'அம்' என்று ஒன்று புகுந்து, கம்பங்கூழ் ஆகிறது. உளுந்தங்கஞ்சியும் அப்படியே. இப்படி நடுவில் வந்து நிற்பதைச் சாரியை என்று இலக்கணத்தில் சொல்வார்கள். டச்சு மொழியிலும் இதே போல் 'ஸ்' என்ற ஒலி இரண்டு சொல்லுக்கு நடுவே வந்து நிற்பது உண்டு.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது இன்னொன்று. தையல் ஓர் எழுத்துக்கு உள்ளேயே ஒளிந்து கொள்வது!

'பாலாறு' என்று சொல்லிப் பாருங்கள். வாய் 'பா-லா-று' என்று சொல்கிறது. ஆனால் சொல் 'பால், ஆறு'. தையல் எங்கே இருக்கிறது? 'லா' என்ற எழுத்தின் நடுவில்! அந்த எழுத்தில் பாதி முதல் சொல்லுக்குச் சொந்தம். மீதிப் பாதி இரண்டாவது சொல்லுக்குச் சொந்தம். 'ல்' என்ற மெய் மீது 'ஆ' என்ற உயிர் ஏறி உட்கார்ந்து கொண்டது.

டச்சுக்காரர் இரண்டு எழுத்துக்கு நடுவே கத்தியை வைத்து வெட்டி விடலாம். தமிழருக்கு ஓர் எழுத்தையே பிளக்க வேண்டியிருக்கிறது! புதிதாகப் படிக்கிறவர் திணறுவது இங்கேதான். அவர்களுடைய அறிவில் குறை ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தையல் இருந்தால் யார்தான் திணறமாட்டார்கள்?

கயத்தாறு என்பதிலும் 'தா' எழுத்துக்குள் ஆறு ஓடுகிறது. 'பனையோலை' என்பதில் பனைக்கும் ஓலைக்கும் நடுவே 'ய்' வந்து பாலம் போடுகிறது. அவ்வளவு ஏன், 'கோவில்' என்பதே ஒட்டிய சொல்தான். 'கோ' என்றால் இறைவன். 'இல்' என்றால் வீடு. நடுவில் 'வ்' வந்து பாலம் போட்டது. அப்படியானால் கோவில்பட்டியில் மூன்று சொற்கள் இருக்கின்றன!

தொல்காப்பியர் கண்ட வழி

இப்போது அந்தப் பொன் சொல்லுக்கு வருவோம்.

'செம்பொன்பதின்தொடி.'

தொடி என்பது பழைய காலத்து நிறுத்தல் அளவு. 'செம்பொன், பதின் தொடி' என்று பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள சிவந்த பொன். 'செம்பு, ஒன்பதின் தொடி' என்று பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு! 'பொ' என்ற ஓர் எழுத்துக்குள் செம்பின் முடிவும் ஒன்பதின் தொடக்கமும் ஒளிந்திருக்கின்றன.

'குறும்பரம்பு' என்று இன்னொன்று. 'குறும் பரம்பு' என்றால் உழவர் நிலத்தைச் சமன் செய்யும் சிறிய பரம்புப் பலகை. 'குறும்பர் அம்பு' என்றால் குறும்பர்கள் எய்யும் அம்பு. பலகையா, அம்பா?

இவற்றைத் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பழைய ஆசிரியர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். எழுத்து ஒன்றாக இருந்து பொருள் வேறாகும் சொற்கள் உண்டு என்றும், அவற்றைச் சொல்லும் ஓசையைக் கொண்டுதான் வேறுபடுத்த வேண்டும் என்றும் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் சொல்லி விட்டார். எங்கே நிறுத்துகிறோம், எங்கே சேர்த்துச் சொல்கிறோம் என்பதில்தான் பொருள் இருக்கிறது.

ஓட்டப்பிடாரத்துக்கும் இதற்கும் ஒரு பந்தம் உண்டு.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையுடன் 1928-ல் பதிப்பித்தவர் யார் தெரியுமா? நம்முடைய வ.உ.சி.தான்! கப்பல் விட்டார், 1908 முதல் 1912 வரை சிறையில் வாடினார், வெளியே வந்து வறுமையில் உழன்றார். அந்த நிலையிலும் பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றினார். திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையின் அறத்துப்பாலையும் 1917-ல் வெளியிட்டார்.

கடலிலே கப்பலைச் செலுத்தியவர், சொல்லிலே தையல் காணும் இலக்கணத்தையும் நமக்கு அச்சிட்டுத் தந்தார்.

பிரித்து அச்சிட்டவர்கள்

பழைய காலத்து ஓலைச் சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. புள்ளியும் பெரும்பாலும் கிடையாது. எல்லாம் ஒரே ஓட்டமாக இருக்கும். படிக்கிறவர்தான் பிரித்துக் கொள்ள வேண்டும். ஆகவே படிப்பு என்பது பண்டிதர்களின் சொத்தாக இருந்தது.

அச்சு வந்த பிறகும் நெடுநாள் வரை, சொற்களைச் சேர்த்து எழுதுவதே பெருமை என்று நினைத்தார்கள்.

ஓட்டப்பிடாரத்துக்கு அருகில் உள்ள எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதியார் இதற்கு மாறாக நின்றார். 1912-ல் வெளியான பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், படிக்கப் பழகி ஓரிரண்டு வருஷமே ஆனவருக்கும் விளங்கும்படி எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார்.

பின்பு 1950-களில் சென்னையில் மர்ரே கம்பெனி எஸ்.ராஜம், அறிஞர்களைக் கொண்டு பழைய இலக்கியங்களை எல்லாம் சந்தி பிரித்து அச்சிட்டார். ஒட்டிக் கிடந்த சொற்களைத் தனித்தனியாக நிறுத்தினார். மலிவு விலையில் விற்றார். பண்டிதர் துணை இல்லாமலே சாதாரண ஜனங்கள் அவற்றைக் கையில் எடுத்துப் படிக்க முடிந்தது.

ஓர் இடைவெளியின் மதிப்பு அவ்வளவு!

பத்திரிகையில் ஒரு கவனம்

பத்திரிகை படிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

பத்திரிகைப் பத்தி குறுகலானது. வரி முடியும் இடத்தில் சொல் முடியாமல் போகலாம். மேல் வரியில் 'ஓட்டப்பி' என்று நிற்கும். கீழ் வரியில் 'டாரம்' என்று தொடங்கும். பார்த்தவர் 'டாரம் என்றால் என்ன?' என்று திகைப்பார்!

அது தையல் அல்ல. இடம் போதாமல் மடித்த மடிப்பு. சேலை மடிப்பைத் தையல் என்று நினைக்கலாமா?

டச்சுக்காரர்கள் வரி முடிவில் சொல்லை வெட்டினால் ஒரு சிறு கோடு போடுவார்கள். அசை முடியும் இடத்தில்தான் வெட்டுவார்கள். தமிழில் ஒவ்வோர் உயிர்மெய் எழுத்தும் வாயால் தனியே சொல்லக் கூடிய முழு ஒலி. ஆகவே எங்கே மடித்தாலும் பெரிய கெடுதல் இல்லை என்று கோடு போடாமலே மடிக்கிறோம். புள்ளி வைத்த எழுத்தை மட்டும் வரியின் தலைப்பில் வைப்பதில்லை. புள்ளி எழுத்து முந்தின எழுத்தின் தோளைப் பிடித்துக் கொண்டு நிற்பது. தனியே விட்டால் அதற்கு வாழ்வு இல்லை.

பதினைந்து எழுத்துச் சொல்

இதெல்லாம் எதற்கு? பண்டிதர்களின் பொழுதுபோக்கா?

இல்லை. உங்கள் பணத்துக்கும் நிலத்துக்கும் காவல் இது!

கடன் பத்திரத்தில் தொகையை எண்ணால் எழுதுவார்கள். எழுத்தாலும் எழுதுவார்கள். எண்ணை மட்டும் பார்த்துக் கைநாட்டு வைத்து ஏமாந்தவர்களின் கதைகள் நம் கிராமங்களில் எத்தனையோ உண்டு. எழுத்தையும் படிக்கத் தெரிந்தவரை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது.

இந்தச் சொல்லைப் படியுங்கள்:

'இரண்டாயிரத்தெழுநூற்றைம்பது.'

பதினைந்து எழுத்து! மூச்சு முட்டுகிறதா? முதலில் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். இரண்டு... ஆயிரத்து... எழுநூற்று... ஐம்பது. அவ்வளவுதான்! 2,750 ரூபாய். 'டா', 'தெ', 'றை' என்ற மூன்று எழுத்துகளுக்குள் மூன்று தையல்கள் ஒளிந்திருந்தன. நீங்கள் பிரித்து விட்டீர்கள்.

1990-களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பகலெல்லாம் காட்டில் களையெடுத்து விட்டு இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவர்கள் கரிசல் சீமையிலும் இருந்தார்கள். அப்படிக் கற்றவர்களுக்கும், இன்று புதிதாகக் கற்கிறவர்களுக்கும் சில யோசனைகள்:

முதலாவது: நீண்ட சொல்லைக் கண்டால் பயப்படாதீர்கள். அதற்குள் உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்னச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். குளம், மலை, குடி, பட்டி, ஊர், ஆறு இவற்றில் ஒன்று ஊர்ப் பெயரின் வாலில் அநேகமாக அகப்படும்.

இரண்டாவது: நடுவில் 'க், ச், த், ப்' இரட்டித்து நின்றால், அங்கே ஒட்டு இருக்கலாம். நிறுத்திப் பாருங்கள்.

மூன்றாவது: பிரித்த பிறகு ஒட்டிக் கொண்டு நிற்கும் எழுத்தைப் பிளந்து பாருங்கள். 'லா' என்றால் 'ல்' கூட 'ஆ'. 'தெ' என்றால் 'த்' கூட 'எ'.

நான்காவது: வாய் விட்டுப் படியுங்கள். கண் ஏமாந்தாலும் காது ஏமாறாது. தொல்காப்பியர் சொன்ன வழி இதுதான்.

ஐந்தாவது: இரண்டு விதமாகப் பிரிந்தால், எது அந்த இடத்துக்குப் பொருந்துகிறது என்று முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் இதை விளையாட்டாகவே நடத்தலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேரன் ஒரு சொல்லைச் சொல்லட்டும். "ஆச்சி, 'வேப்பங்குச்சி'யிலே எத்தனை சொல்லு இருக்கு?" என்று கேட்கட்டும். "வேம்பு ஒண்ணு, குச்சி ஒண்ணு, நடுவிலே ஓர் 'அம்' சும்மா நிக்குதுடா!" என்று ஆச்சி சொல்லட்டும்.

இதோ, உங்கள் வீட்டுக்கு ஐந்து சொற்கள். பிரித்துப் பாருங்கள்: தேங்காயெண்ணெய், நூற்றைம்பது, பனங்கிழங்கு, பருத்திக்கொட்டை, மண்ணெண்ணெய்.

நாளைக்கு ஒரு பத்திரமோ ரசீதோ உங்கள் கைக்கு வரும். அதில் ஒரு நீண்ட சொல் இருக்கும். அவசரப்படுத்துகிறவர்கள் அவசரப்படுத்தட்டும். நீங்கள் நிறுத்தி, பிரித்து, வாய் விட்டுப் படியுங்கள். அது பொன்னா, செம்பா என்று தெரிந்து கொண்ட பிறகு கையெழுத்தைப் போடுங்கள்!